கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று கத்தியவள்

பெண்பிள்ளை மைதானத்தில் நின்று கத்தலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: "வாய் இருக்குது, கத்துறேன். உனக்கு இன்னா போவுது?" இன்றைக்கும் அதுதான் பதில். இந்த வயதிலாவது கொஞ்சம் அடக்கமாக எழுதக் கூடாதா என்று என் மகள் கேட்கிறாள். அடக்கமாக எழுத வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

என்னுடையது தடித்த குரல். முகத்தைப் பார்க்காமல் கேட்டால் ஆம்பளை என்றுதான் நினைப்பார்கள். கல்யாணப் பேச்சு எடுத்தபோது, பெண் எப்படி என்று கேட்டவர்களிடம் என் அப்பா, "நல்ல பொண்ணுதாங்க, பேசாம இருந்தா" என்றாராம். அப்படியும் ஒருத்தர் வந்து கட்டிக்கொண்டார். அவர் நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். வெட்டிய மண்ணை மேலே கொண்டுபோகும் பெல்ட் இருக்கிறதே, அதை இழுக்கிற பெரிய மோட்டார்கள் நிற்கும் இடத்தில், கீழே சிந்துகிற மண்ணை வாரிப் போடுகிற வேலை. சுரங்கம் தோண்டத் தொடங்கிய நாளிலேயே போய்ச் சேர்ந்தவர். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களில் பலருக்கு நிலம் போயிற்று. எங்களுக்குப் போவதற்கு நிலமே கிடையாது, அடுத்தவர் நிலத்தில் செய்துகொண்டிருந்த கூலிவேலைதான் போயிற்று. நகரியத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை வரிசையில் இருந்தோம். பிளாக், குவார்ட்டர்ஸ் எல்லாம் பர்மனென்ட் ஆனவர்களுக்கு.

எப்படியாவது பர்மனென்ட் ஆகிவிட வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஒரு நினைப்புத்தான். அதற்கு ஒரு வழி திறந்திருந்தது, அது கால்பந்து. இவர் கோலி. உயரம் அதிகமில்லை, ஆனால் பந்து கைக்கு வந்தால் ஒட்டிக்கொள்ளும். மைன்ஸ் டீமுக்கு நல்ல கோலி கிடைக்காமல் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் பரவாயில்லை என்று இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். பந்து ஆடியே வேலை வாங்கினவர்கள் எங்கள் கண்ணெதிரில் சைக்கிள் மிதித்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாமும் போவோம் என்றுதான் இருந்தோம்.

அந்த ஊரில் எந்த விளையாட்டை எப்படி வேடிக்கை பார்ப்பது என்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதிப் போடவில்லை, மீறினால்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும். ஆபீசர் கிளப்பில் டென்னிஸ் நடக்கும். கம்பி வலைக்கு வெளியே நின்று நாங்கள் பார்க்கலாம், ஆனால் மூச்சு விடக் கூடாது. பந்து அங்கும் இங்கும் போகப் போக எல்லாத் தலையும் சேர்ந்து திரும்பும், ஒரு வாயும் திறக்காது. ஒரு பாயின்ட் முடிந்தால் விரல் நுனியால் கை தட்டுவார்கள், கை வலிக்குமாம். ஒருமுறை பந்து வலையில் மாட்டப் போன நேரத்தில் நான், "அய்யய்யோ, போச்சு போ!" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். ஆடிக்கொண்டிருந்தவர் மட்டையைத் தாழ்த்திவிட்டு என்னை முறைத்தார். வாட்ச்மேன் ஓடிவந்து, "நடம்மா, நடம்மா" என்று விரட்டினான். பந்து போனதைத்தானே சொன்னேன், அவர் பொண்டாட்டி போனதையா சொன்னேன்?

கிரிக்கெட் இன்னும் வேடிக்கை. நாற்காலி போட்டு, குடை பிடித்து, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடிப்பார்கள். யாராவது ஒருவர் தட்டினால் மற்றவர்களும் தட்டுவார்கள். எதிரணிக்காரன் நன்றாக அடித்தாலும் தட்டுவார்கள். எனக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. நம்மாளைப் போட்டுத் துவைக்கிறவனுக்கு நாம் எதற்குத் தட்ட வேண்டும்? பூப்பந்தில் "சபாஷ்" சொல்லலாம், அதையும் பெரிய மனிதர்கள் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் சொல்லலாம். கைப்பந்தில் பந்து மேலே இருக்கிறவரை எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு இருப்பார்கள், தரையில் விழுந்ததும் விசில் பறக்கும். சடுகுடு ஒன்றுதான் எங்கள் வாய்க்கு ஏற்ற ஆட்டம். பாடிக்கொண்டு வருகிறவனுக்கு மூச்சு முட்டிப்போகிற அளவுக்குக் கேலி செய்யலாம், சிரிக்க வைக்கலாம், அவன் வயிற்றையும் வளர்த்தியையும் வம்புக்கு இழுக்கலாம். அம்மா, அக்காவை மட்டும் இழுக்கக் கூடாது. இழுத்தால் ஆட்டம் நின்று அடிதடி தொடங்கும். மொத்தத்தில் நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: நாற்காலி போட்டிருந்தால் வாயை மூட வேண்டும், தரையில் உட்கார்ந்தால் திறக்கலாம்.

கால்பந்தில் நாற்காலியும் இருந்தது, தரையும் இருந்தது. ஒரு பக்கம் சாமியானா போட்டு ஆபீசர்களும் அவர்கள் வீட்டு அம்மாக்களும் உட்காருவார்கள். எதிர்ப்பக்கம் தரையில் மைன்ஸ் ஆட்கள், பவர் ஹவுஸில் வேலை செய்யும் தெர்மல் ஆட்கள், ஷிப்ட் முடிந்து அப்படியே வந்தவர்கள் என்று ஒரே கூட்டம். அவரவர் ஜில்லாவின் பேச்சில் அவரவர் கத்துவார்கள். அந்தப் பக்கத்தில் பெண் என்று ஒருத்திகூடக் கிடையாது. நான் எந்தப் பக்கமும் போகவில்லை. நேரே போய்க் கோல் கம்பத்துக்குப் பின்னால், என் புருஷனுக்கு நாலு அடி தள்ளி நின்றுகொண்டேன்.

அங்கே ஏன் நின்றேன் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. கல்யாணமான புதிதில் இவரைத் திமிர் பிடித்தவர் என்றே நினைத்தேன். வாசலில் நின்று யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். ஒருநாள் சாலையில் இவருக்குப் பின்னால் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டே வந்தது. இவர் விலகவில்லை. சைக்கிள்காரர் இடித்துவிட்டுத் திட்டினார். இவர் முகத்தில் இருந்த திகைப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. இரவும் பகலும் அந்த மோட்டார்களுக்கு அடியில் நின்று நின்று இவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. மெல்லிய சத்தம், கீச்சென்ற சத்தம் எதுவும் ஏறாது. சைக்கிள் மணி, விசில், பக்கத்துக் கொட்டகைக் குழந்தையின் அழுகை எல்லாம் அவருக்கு இல்லாமல் போயிருந்தன. தடித்த சத்தம் கிட்டத்திலிருந்து வந்தால் ஏறும். என் குரல் ஏறியது. இருபது வருஷமாக ஊரே கிண்டல் செய்த குரலுக்கு அப்படி ஒரு மதிப்பு வந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாத புள்ள," என்றார் அன்றைக்கு. "காது செவிடுன்னு தெரிஞ்சா மெடிக்கல் டெஸ்ட்ல தள்ளிடுவாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் மண்ணு வாரிகினு இருக்க வேண்டியதுதான்."

"நான் எதுக்குங்க சொல்லப் போறேன்? நீங்க பந்தப் பாருங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது என் கத்தல். ரெஃப்ரி விசில் ஊதினால், "ஊதியாச்சு!" என்பேன். இவருடைய ஆட்கள் பந்தைப் பின்னால் தள்ளப் போகிறோம் என்று கூவினால் அதைத் திருப்பிச் சொல்வேன். பார்வையில் படாமல் ஓரமாக எதிராளி ஓடிவந்தால் பக்கம் சொல்வேன். பக்கம் சொல்ல எனக்குத் தெரிந்தது வீட்டில் பேசுகிற வார்த்தைதான். வலது என்றால் சோத்தாங்கை. இடது என்றால் பீச்சாங்கை. வேறு எப்படிச் சொல்வது? "பீச்சாங்கை பக்கம் வரான்! பீச்சாங்கை!" என்று நான் போட்ட சத்தத்தில் சாமியானாவில் ஓர் அம்மா காதைப் பொத்திக்கொண்டதை நானே பார்த்தேன். தரையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த ஆட்டத்திலிருந்து நான் ஆரம்பிப்பதற்கு முன்பே அவர்கள், "பீச்சாங்கை!" என்று கூவத் தொடங்கிவிட்டார்கள்.

ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரிக்குப் பொறுக்கவில்லை. அவர் ஓர் ஆபீசர், வெள்ளைக் கால்சட்டையில் மடிப்புக் கலையாமல் நிற்பார். ஒரு ஆட்டத்தின் நடுவில் என்னிடமே வந்துவிட்டார்.

"ஏம்மா, இது கிரவுண்டா சந்தையா? லேடீஸ் எல்லாம் உக்காந்திருக்காங்க. நாகரிகமா கை தட்டு, வேணாங்கல. வாயத் தொறக்காத."

"கை தட்டினா பந்து எந்தப் பக்கம் வருதுன்னு தெரியாதுங்களே" என்றேன்.

"அத அவன் பாத்துப்பான். அவனுக்குக் கண்ணு இல்லையா?"

கண் இருக்கிறது, காதுதான் இல்லை என்று சொல்ல முடியுமா? வாய் வரை வந்ததை விழுங்கினேன். "எனக்குக் கத்தினாத்தான் ஆட்டம் பாத்த மாதிரி இருக்குதுங்க. நீங்க போய் நெழல்ல உக்காருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி இன்னும் பலமாகக் கத்தினேன். அன்றைக்கு மாலை அவர் இவரைக் கூப்பிட்டு, பெண்டாட்டியை அடக்கி வைக்கத் தெரியாதவன் டீமில் எதற்கு என்று கேட்டிருக்கிறார். இவருக்கு அதில் பாதி கேட்டிருக்காது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். கொட்டகை வரிசையில் எனக்கு அடங்காப்பிடாரி என்று பெயர் நிலைத்தது. பக்கத்துக் கொட்டகைக்காரி, "வூட்டுக்காரரு ஆடுறாரா, இல்ல நீ ஆடுறியா?" என்று குத்தினாள். "ரெண்டு பேருந்தான்" என்றேன். அது உண்மைதானே.

இப்படியே போய் மைன்ஸுக்கும் தெர்மலுக்கும் அரையிறுதி வந்தது. தெர்மல் ஆட்களுக்கு எங்கள் சத்தத்தை அமுக்க வேண்டும் என்ற வெறி. அவர்களில் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர், ஒரு கைச் சைரனைக் கொண்டுவந்தார். யுத்தம் வந்தபோது விமானம் வந்தால் ஊதுவதற்காக வாங்கி வைத்தது, யுத்தம் முடிந்து சும்மா கிடந்ததாம். கைப்பிடியைச் சுற்றினால் மெதுவாக ஆரம்பித்து ஊளையிட்டுக்கொண்டே மேலே போகும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சுரங்கத்தில் நின்ற பெல்ட்டை மறுபடி ஓட்டுவதற்கு முன்னால் சைரன் ஊதுவார்கள். ஊதினால், எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய், ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். நான் விலகிவிட்டேன், ஓட்டிக்கொள் என்று அர்த்தம். விலகாதவன் மாட்டிக்கொண்டால் பெல்ட் அவனையும் மண்ணோடு மண்ணாக இழுத்துக்கொண்டு போய்விடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து அது அவர்கள் உடம்பில் ஊறிப்போன பழக்கம்.

ஆட்டம் முடியச் சற்று நேரம்தான் இருந்தது. நாங்கள் ஒரு கோல் முன்னால். தெர்மல் ஆட்கள் பந்தை உருட்டிக்கொண்டு எங்கள் பக்கம் நெருங்கினார்கள். எதிர்க் கோடியிலிருந்து சைரன் கிளம்பியது. மைன்ஸ் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் பந்தை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய்க் கையைத் தூக்கினார்கள்! ஒருத்தர் பாக்கியில்லை. தரையில் உட்கார்ந்திருந்த மைன்ஸ் கூட்டமும் எழுந்து பின்வாங்கிக் கையைத் தூக்கியது. சாமியானாவில் இருந்த, சுரங்கத்தில் விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ளும் சேஃப்டி ஆபீசர்கூட நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கையைத் தூக்கிவிட்டார். தெர்மல் கூட்டத்துக்கே என்ன நடக்கிறது என்று புரியவில்லை. அவர்களுடைய ஆட்டக்காரர் ஒருவர் மட்டும் சுதாரித்துக்கொண்டு, தடுக்க ஆளே இல்லாமல் பந்தைக் கோலுக்குள் ஓங்கி உதைத்தார்.

இவர் பாய்ந்தார். சோத்தாங்கைப் பக்கம் முழு உடம்பையும் நீட்டிப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு புழுதியில் விழுந்தார்.

அந்தக் கூச்சலை நான் எப்படி எழுதுவேன்! தூக்கிய கையைக் கீழே போடாமல் அப்படியே குதித்தார்கள். நானும் குதித்தேன். புடவை முந்தானையைச் சுற்றிக் கத்தினேன். ஆட்டம் முடிந்ததும் இவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். "சைரனுக்கே அசையாத ஆளுடா!" என்று ஒருத்தர் கூவ, எல்லாரும் அதையே கூவினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: சைரன் இவருக்குக் கேட்கவே இல்லை. சாமியானாப் பக்கம் பார்த்தேன். எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். சேஃப்டி ஆபீசர் மட்டும் தட்டவில்லை. தோள்மேல் போய்க்கொண்டிருந்த என் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அவ்ளோ பேரும் கையத் தூக்கிகினு நின்னாங்களே, நீங்க பாக்கலியா?"

"பாத்தேனே. ஆப்சைடுன்னு ரெஃப்ரிகிட்ட கேக்குறாங்கன்னு நெனச்சேன்" என்றார். "ஏன், இன்னா ஆச்சு?"

பெல்ட்டில் எப்படிச் சமாளிக்கிறார் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. மற்றவர்கள் கை தூக்குவதைப் பார்த்து இவரும் தூக்குவாராம். யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் என்ன செய்வாராம்? எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தூக்கி எறிந்தேன். பிறகு நானே உட்கார்ந்து அழுதேன்.

சேஃப்டி ஆபீசர் மறுநாளே கொட்டகைக்கு வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், மரியாதையானவர். வாசலில் நின்று இவருக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் சற்றுப் பலமாகக் கூப்பிட்டார். இவர் துணி உதறிக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளா இப்படிங் அம்மணி?" என்று என்னைக் கேட்டார்.

"உங்க பெல்ட்டுக்கு வந்த நாளா" என்றேன்.

"இவரை இனி பெல்ட் பக்கம் உட முடியாதுங்க. ஒரு நாளு செத்துப் போயிருவாரு. அப்புறம் என்னால தூங்க முடியாது."

அவர் சொன்னது நியாயம். இன்றைக்கு வரைக்கும் அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த நியாயத்தைக் கேட்டதும் கான்ட்ராக்ட்காரர் இவரை ஒரேயடியாக நிறுத்திவிட்டார். செவிட்டு ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்றார். வேறு வேலை கொடுங்கள் என்றால் என்னிடம் இருப்பது பெல்ட் வேலைதான் என்றார். ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரியோ, வேலையில் இல்லாதவன் டீமில் ஆட விதி கிடையாது என்று அவர் பங்குக்குக் கதவைச் சாத்தினார். தோளில் தூக்கிச் சுமந்த ஆளை அந்த வாரமே இறக்கி வைத்துவிட்டார்கள். நான் ஆபீஸ் ஆபீஸாகப் போய் நின்றேன். போன இடமெல்லாம், "மெதுவா பேசும்மா" என்றுதான் சொன்னார்களே தவிர, நான் என்ன பேசினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இறுதி ஆட்டம் வெளியூர் டீமோடு. சுரங்கத்துப் பெரிய அதிகாரி, மேலிடத்தில் எல்லாருக்கும் மேலே இருப்பவர், தலைமை தாங்க வருகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. செக்ரட்டரி ஒவ்வொரு செக்‌ஷனாகப் போய், விருந்தாளிகள் வருகிறார்கள், பேச்சில் கட்டுப்பாடு வேண்டும், விசில் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, நல்ல ஆட்டத்துக்கு இரு தரப்புக்கும் கை தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. இவ்வளவு நாளாக எங்களை வாயை மூடச் சொன்னார்கள். சரி, மூடிவிடுவோம்.

கொட்டகை வரிசையில் ஒவ்வொரு வாசலிலும் போய் நின்றேன். "நாளன்னிக்கு மேட்சுல யாரும் வாயத் தொறக்கக் கூடாது. கையும் தட்டக் கூடாது. எங்க வூட்டுக்காரரு வேலய எடுத்துட்டாங்க, தெரியுமில்ல?" என்றேன். சிலர் சிரித்தார்கள். அடங்காப்பிடாரி எங்களை அடக்க வந்துவிட்டாள் என்றார்கள். "சிரிங்க. நாளைக்கு உங்க காதும் போவும். அப்ப யாருக்குக் கத்தப் போறீங்க?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. அவர்களும் அந்த மோட்டார்களுக்கு அடியில் நிற்கிறவர்கள்தானே.

பெரிய சங்கடம் தெர்மல் ஆட்கள்தான். அவர்களுக்கும் எங்களுக்கும் ஆகாது. அந்தச் சைரன் சுற்றிய திருநெல்வேலி இளைஞர் தானாகவே வாசலுக்கு வந்து நின்றார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"எக்கா, நாந்தான் சுத்துனேன். இப்படி ஆவும்னு சத்தியமா தெரியாதுக்கா. உங்க வீட்டுக்காரரு சோத்துல மண்ணப் போட்டுட்டேன்."

"அழுதுகினு நிக்காத. உங்காளுங்க வாயக் கட்டுவியா?"

"கட்டுதேன்க்கா. ஒரு பய மூச்சு உட மாட்டான்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அன்றைக்கு மைதானம் நிரம்பி வழிந்தது. நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் போகவில்லை, அங்கே வேறு கோலி நின்றார். எதிர்ப்பக்கத் தரையில், முன் வரிசையில், ஆம்பளைகளுக்கு நடுவில் இவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு வந்த சங்கதி இவருக்குத் தெரியாது. சொன்னால் வேண்டாம் என்பார், அதனால் சொல்லவில்லை.

பந்து நடுவில் வைக்கப்பட்டது. ரெஃப்ரி விசில் ஊதினார். ஒரு சத்தமும் இல்லை. ஆட்டக்காரர்கள் ஓடும் காலடியும், பந்தில் பூட்ஸ் படும் சத்தமும், அவர்கள் மூச்சு வாங்குவதும்கூடக் கேட்டது. சுரங்கத்தின் இரைச்சல் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது, அதுவரைக்கும் எந்த ஆட்டத்திலும் அது எங்கள் காதில் விழுந்ததில்லை. மைன்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் கோல் போட்டார். போட்டுவிட்டுக் கையை விரித்துக்கொண்டு எங்களைப் பார்த்து ஓடிவந்தவர் பாதியில் நின்றுவிட்டார். சாமியானாவில் மட்டும் விரல் நுனித் தட்டல் எழுந்து, தனியாகக் கேட்கிறதே என்ற கூச்சத்தில் உடனே அடங்கிப் போனது. கட்டுப்பாடு கேட்ட செக்ரட்டரி எங்கள் பக்கம் ஓடிவந்து, "என்னய்யா, என்ன ஆச்சு? கோல் போட்டா கை தட்ட மாட்டீங்களா? தட்டுங்கய்யா!" என்று கெஞ்சினார். என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "அம்மா, கொஞ்சம் சொல்லும்மா. பெரியவர் பாக்குறார்" என்றார். நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர்தான் காரியத்தைக் கெடுத்தார். கெடுத்தாரா, நிறைவேற்றினாரா, தெரியாது. கோலையும் பார்த்தார், சுற்றி இருந்தவர்களின் மூடிய வாய்களையும் பார்த்தார். காது போனவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. என்னிடம் ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, மைதானம் முழுவதும் கேட்கும்படி கேட்டார்:

"ஏ புள்ள, கோலு வுழுந்துச்சே, யாரும் கத்தலியா? இல்ல, எனக்குத்தான் சுத்தமா கேக்காம பூடுச்சா?"

எப்படியும் பதில் சொல்லியாக வேண்டும், அதுவும் அவருக்கு ஏறும்படி. அடிவயிற்றிலிருந்து எடுத்துச் சொன்னேன்:

"உங்களுக்காவத்தாங்க யாரும் கத்தல! உங்க காதையும் எடுத்துகினு வேலயையும் எடுத்துகினாங்கல்ல, அதுக்காவ!"

ஆட்டம் தானாகவே நின்றுவிட்டது. ரெஃப்ரி விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாமியானாவில் பெரிய அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் வேறு யாருமில்லை, சேஃப்டி ஆபீசர்தான். அவர் எழுந்து நின்று, நல்ல நேரம் எடுத்துக்கொண்டு பதில் சொன்னார். பெரியவர் எழுந்தார். கோட்டோடு, பளபளப்பான ஷூவோடு, மைதானத்தின் குறுக்கே நடந்து எங்களிடம் வந்தார். செக்ரட்டரி பின்னாலேயே ஓடிவந்தார்.

பெரியவர் இவர் முன்னால் குனிந்து மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். இவர் அவர் உதட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அய்யா, அப்படிக் கேட்டா அவருக்கு ஏறாதுங்க. கத்திக் கேளுங்க" என்றேன்.

"ஏய், யார்கிட்ட பேசுற!" என்று செக்ரட்டரி பாய்ந்தார். பெரியவர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். சுற்றும் முற்றும் பார்த்தார். அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "உனக்கு என்னய்யா வேணும்?" என்றார். போதவில்லை. இவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். பெரியவரின் முகம் சிவந்தது. டென்னிஸ் கோர்ட்டில் ஒருநாளும் உயராத அந்தக் குரலை எடுத்து, கழுத்து நரம்பு புடைக்க, மைதானத்தின் நடுவில் நின்று கத்தினார்:

"உனக்கு என்ன வேணும்?"

இவர் எழுந்து நின்று வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டார்.

"வேலைங்க!"

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தை அடக்க யாராலும் முடியவில்லை. மைன்ஸும் தெர்மலும் ஒன்றாகச் சேர்ந்து கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அடுத்த மாதம் மரக்கன்று வைக்கிற பிரிவில், மோட்டார் எதுவும் இல்லாத இடத்தில், இவருக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. பெரியவரின் இரக்க குணம் என்று சாமியானாப் பக்கம் சொல்லிக்கொண்டார்களாம். போய் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள் என்று எங்களிடமும் சிலர் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை. இரண்டு காதையும் கொடுத்து வாங்கிய வேலைக்கு யாருக்கு நன்றி சொல்வது?